கல்லாவில் அமர்ந்த அரசு



மது விற்பனையை அரசே தன் கையில் வைத்துக்கொண்டிருப்பதைப் பற்றியும், அதனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியும் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். இதைப் பேசுவதற்குச் சேலத்தைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. கள் இறக்க இடம் தரக்கூடாது என்று பெரியார் தம் தோப்பிலிருந்த ஐந்நூறு தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தாரே, அந்தத் தாதம்பட்டி இந்த ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. குடியை ஒழிப்பதற்கென்றே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகையை ராஜாஜி நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார். அந்தப் பத்திரிகை வந்த திருச்செங்கோடு காந்தி ஆசிரமம் அன்று சேலம் மாவட்டம். 1937 அக்டோபர் 1ஆம் தேதி, சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்ததும் இந்த மாவட்டத்தில்தான்.

இந்தப் பெருமையை எல்லா மேடைகளிலும் சொல்வார்கள். சொல்லாமல் விடுகிற செய்தி ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

கடைகளை மூடியபோது ராஜாஜியின் முன்னால் நின்ற கேள்வி என்ன? குடிகாரர்கள் என்ன செய்வார்கள் என்பது மட்டுமா? இல்லை. கஜானா என்ன செய்யும் என்பதுதான் பெரிய கேள்வி. கள்ளுக்கடை, சாராயக்கடை ஏலத்தில் வந்த பணம் அன்றைய மாகாண வருமானத்தில் பெரும் பங்கு. சேலத்துக்குப் பிறகு சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று மாவட்டம் மாவட்டமாக மூடிக்கொண்டே போனால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? ஆஸ்பத்திரிக்கு எங்கிருந்து வரும்? 1939இல் அவர் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். சரக்குகளின் விற்பனைமீது பொதுவாக வரி போடுவது இந்தியாவில் அதுவே முதல் முறை. வியாபாரிகள் எதிர்த்தார்கள். சொந்தக் கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு இருந்தது. அவர் அசையவில்லை. இந்தப் பணம் வேண்டாம் என்றால் அந்தப் பணத்துக்கு வழி சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மதுவிலக்கு போய்விட்டது. விற்பனை வரி பெயர் மாறித் தங்கிவிட்டது. மதுவுக்குப் பதிலாக வந்த வரியையும் நாம் கட்டுகிறோம். மதுவுக்கான வரியையும் கட்டுகிறோம். இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் அரசுக்கு இரண்டில் ஒன்றை விட மனம் வருமா?

நடுவில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1948இல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் கலைஞர் அதைத் தளர்த்தினார். வேண்டாம் என்று சொல்ல 92 வயது ராஜாஜி அவர் வீட்டுக்கே போனார். 1974க்குள் மறுபடி மூடினார்கள். 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1987இல் கள்ளும் சாராயமும் நின்றன. 1990இல் மலிவு விலை மது வந்தது. 1991இல் ஜெயலலிதா முதல்வரானதும் அதை எடுத்தார். திறப்பதும் மூடுவதுமாக இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறிச் செய்தன. எந்த ஒரு கட்சியின் தலையிலும் இந்தப் பழியை முழுதாகச் சுமத்த முடியாது. சுமத்த நினைப்பவர்கள் தேர்தல் மேடைக்குப் போகட்டும். இந்த மேடை அதற்கு அல்ல.

ஒரு தேதியை மட்டும் மனத்தில் வையுங்கள். 2003 நவம்பர் 29. டாஸ்மாக் என்னும் அரசு நிறுவனம் 1983இலேயே தொடங்கப்பட்டது. ஆனால் இருபது ஆண்டுகள் அது மொத்த வியாபாரம் மட்டும் செய்தது. சில்லறைக் கடைகளைத் தனியார் ஏலத்தில் எடுத்தார்கள். ஏலம் எடுப்பவர்கள் கூட்டுச் சேர்ந்து விலையைக் குறைத்துப் பேசினார்கள். அரசுக்கு வரவேண்டிய பணம் இடையில் நின்றது. அதைத் தடுக்கத்தான் அந்த நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதையும் அரசே எடுத்துக்கொண்டது. எந்தச் சட்டத்தைத் திருத்தி எடுத்துக்கொண்டது தெரியுமா? 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி!

ஏன் எடுத்தது? குடியைக் குறைக்கவா? இல்லை. பணம் ஒழுகும் ஓட்டையை அடைக்க. அந்த வேலையை டாஸ்மாக் சிறப்பாகவே செய்து முடித்தது. 2003-04இல் மது மூலம் அரசுக்கு வந்தது 3,600 கோடி ரூபாய் அளவில். 2024-25இல் வந்தது 48,344 கோடி ரூபாய். விலைவாசி ஏறியிருக்கிறது, மக்கள்தொகை கூடியிருக்கிறது, வரியும் பலமுறை உயர்ந்திருக்கிறது. ஆகவே குடி பதின்மூன்று மடங்கு ஆகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாநிலத்தின் சொந்த வரி வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இன்று இந்தக் கடைகளிலிருந்து வருகிறது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலம் தானே வரி விகிதத்தைத் தீர்மானிக்கக்கூடிய பெரிய விற்பனைச் சரக்குகள் பெட்ரோல், டீசல், மது என்று சுருங்கிவிட்டன. பிடி இறுகிவிட்டது. எந்த முதல்வர் வந்தாலும், எந்த நிதியமைச்சர் வந்தாலும், அந்தப் பிடியோடுதான் நாற்காலியில் உட்கார வேண்டும்.

இனி கடைக்குப் போவோம். பகல் 12 மணிக்குக் கடை திறக்கும். பதினொன்றரைக்கே ஆட்கள் வந்து நிற்பார்கள். கம்பி வலைக்குள் கை மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. உள்ளே போகிற கையைப் பாருங்கள். வெள்ளிப் பட்டறையில் கொலுசு பற்றவைத்துக் கருத்த விரல். சிமென்ட் தின்று வெடித்த விரல். தறியில் நூல் அறுத்த விரல். வேட்டி மடிப்பிலிருந்து எடுத்த நோட்டு. பெரும்பாலானவர்கள் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. நூற்றி நாற்பது ரூபாயில் ஒரு குவாட்டர், ஏதோ ஒன்று. பாட்டிலும் மீதிச் சில்லறையும் அதே பொந்து வழியாக வெளியே வரும். பார் இருந்தால் வாங்கியவர் பாருக்குள் போவார். அந்த பார் தனியாருடையது, தின்பண்டம் விற்கவும் காலிப் பாட்டில் எடுக்கவும் டெண்டர் எடுத்தவருடையது. பார் இல்லையென்றால் சாக்கடை ஓரம், வாய்க்கால் மேடு, பூட்டிய கடையின் படிக்கட்டு. இரவு 10 மணிக்குக் கடை மூடும். அதன்பிறகும், காலை திறக்கும் முன்பும் சந்துக்கடையில் திருட்டு விற்பனை நடக்கும். எங்கே நடக்கிறது என்று இந்த அரங்கில் இருக்கும் பலருக்குத் தெரியும்.

கம்பி வலைக்கு உள்ளே இருப்பவரையும் பாருங்கள். 2003இல் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் எத்தனையோ பேர் பட்டதாரிகள். இன்று மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் என்று இருபத்து மூவாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அரசு ஊழியர் என்ற நிரந்தரம் இல்லை; தொகுப்பூதியம். ராத்திரி வசூல் பணத்தோடு தனியாக வீடு திரும்பும் பயம் வேறு. நாற்பத்தெட்டாயிரம் கோடியைக் கையால் எண்ணிக் கொடுப்பவர்களின் நிலை இது. அவர்களைத் திட்டி நாம் எதையும் சாதிக்கப் போவதில்லை.

இப்போது ஒரு வீட்டுக்குள் வாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தறிக்காரர் குடும்பம். நாளுக்கு ஒரு குவாட்டர். அதற்கு மேல் போகாதவர். தெருவில் அவரை 'அளவாகக் குடிக்கிறவர்' என்று மெச்சிப் பேசுவார்கள். ஒரு குவாட்டர் 140 ரூபாய் என்றால் மாதம் 4,200 ரூபாய். தொட்டுக்கொள்ள, டம்ளர், தண்ணீர் இதெல்லாம் சேர்க்கவில்லை. அந்த வீட்டு அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியிருக்கிறார். மாதம் 15ஆம் தேதி அரசின் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அவர் கணக்கில் ஏறும். கைப்பேசியில் குறுஞ்செய்தி வரும். அந்தத் தேதி கணவருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் அவர் பேச்சில் ஒரு கனிவு வரும். கொடுத்தால் கனிவு நீடிக்கும். கொடுக்காவிட்டால் அரிசிப் பானை உருளும்.

தாய்மார்களே, உரிமைத் தொகை நல்ல திட்டம். 2023 செப்டம்பரில் தொடங்கியபோதே ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு அது போய்ச் சேர்ந்தது; அதைக் குறை சொல்பவன் நான் அல்ல. ஆனால் கணக்கைக் கேளுங்கள். ஒரு கோடியே ஆறு லட்சம் பேருக்கு மாதம் ஆயிரம் என்றால் ஆண்டுக்கு 12,720 கோடி. மதுவிலிருந்து அரசுக்கு வருவது அதைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல். அந்தத் தறிக்காரர் வீட்டில் கணவர் கையிலிருந்து மாதம் நாலாயிரத்து இருநூறு கடைக்குப் போகிறது. அதில் பெரும்பகுதி வரி. மனைவி கையில் ஆயிரம் வருகிறது. இதில் யார் யாருக்குக் கொடுக்கிறார்கள்? நலத்திட்டத்துக்குப் பணம் வேண்டும், ஆகவே கடை வேண்டும் என்று சொல்கிறார்களே, அந்தப் பணம் எந்த வீட்டுப் பானையிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா? பணக்காரர் வருமானத்துக்குத் தக்கபடி கட்டும் வரி ஒருவகை. கூலிக்காரரின் பழக்கத்திலிருந்து நாள்தோறும் பிடிக்கும் வரி வேறுவகை. இரண்டாவது வகையில் நலத்திட்டம் நடத்தினால், ஏழைக்குக் கொடுக்கும் பணத்தை ஏழையிடமிருந்தே எடுக்கிறோம். அதிலும் கணவனிடம் எடுத்து, அவன் அடித்த அடிக்கு மருந்துபோல மனைவியிடம் கொடுக்கிறோம்.

பெண்கள் இதை எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொண்டார்கள். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாலை விபத்துகளைக் குறைக்கும் நல்ல நோக்கம். 2017 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தபோது நடந்தது என்ன? மூட வேண்டிய கடைகளுக்கு ஊருக்குள் இடம் தேடினார்கள். வயலோரம் வந்தது, குடியிருப்புக்கு நடுவில் வந்தது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் வந்தது. மாவட்டம் தோறும் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். கடை வாசலில் அடுப்பு மூட்டினார்கள், பூட்டுப் போட்டார்கள், பாட்டில்களை உடைத்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய ஒரு பெண்ணை ஒரு காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

அந்த அறையை நான் இன்றும் மறக்கவில்லை. கடை தனியாருடையதாக இருந்தால் அந்தப் பெண் யாரிடம் போயிருப்பார்? காவல் நிலையத்துக்கு, தாசில்தாரிடம், கலெக்டரிடம். கடை அரசினுடையதாக இருக்கும்போது எங்கே போவார்? கடைக்காரரும் அரசு. கடைக்குக் காவல் நிற்பவரும் அரசு. மனுவை வாங்குகிறவரும் அரசு. ஏகபோகத்தின் மிகப் பெரிய கேடு இதுதான் என்பேன். நியாயம் கேட்கப் போகும் இடமும் கடையின் பின்கட்டாகிவிட்டது.

நம் மாவட்டத்துக்காரர் காந்தியவாதி சசிபெருமாள். தமிழ்நாடு முழுவதும் ஊர் ஊராகப் போய் மதுக்கடைகளுக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்தவர். 2015 ஜூலை 31ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரே ஒரு கடையை இடம் மாற்றக் கேட்டுக் கைப்பேசி கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிர் விட்டார். ஒரு மாநிலமே மதுவை விட வேண்டும் என்றுகூட அன்று அவர் கேட்கவில்லை. ஒரு கடை. அதே ஆண்டு டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய பாடகர் கோவனைத் தேசத் துரோக வழக்கில் கைது செய்தார்கள். கடை யாருடையது என்பதைப் பொறுத்துப் பாட்டுக்குத் தண்டனை மாறுகிறது, பார்த்தீர்களா?

கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்று சொல்வார்கள். இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே தெருவில் வரிசையாகப் பாடை கட்டினார்கள். தாயும் தகப்பனும் போய்ப் பிள்ளைகள் தனியே நின்ற வீடுகள் இருந்தன. அந்த அச்சம் உண்மையானது. ஆனால் அன்று தமிழ்நாட்டில் மதுவிலக்கா இருந்தது? நாலாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட அரசுக் கடைகள் திறந்திருந்தன. குவாட்டருக்குப் பணம் போதாதவர்கள் மலிவாகக் கிடைத்த பாக்கெட்டுக்குப் போனார்கள். ஆகவே அரசுக் கடை இருப்பதால் கள்ளச்சாராயம் இராது என்ற வாதமும் கருணாபுரத்திலேயே முடிந்துவிட்டது. கள்ளச்சாராயத்தைத் தடுப்பது காவல்துறையின் நேர்மை. அதற்குக் கடையைக் காரணம் காட்டக்கூடாது.

அப்படியானால் நாளைக்கே எல்லாவற்றையும் மூடிவிடலாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. 2020இல் கொரோனா ஊரடங்கில் மார்ச் கடைசியிலிருந்து மே 7 வரை கடைகள் மூடியிருந்தன. பல வீடுகளில் முதல்முறையாக ராத்திரி அமைதியாக இருந்தது. அதே நாட்களில் நெடுநாள் குடித்தவர்கள் கை நடுங்கி, பிதற்றி, வலிப்பு வந்து துடித்தார்கள். உடல் பழகிவிட்ட பிறகு திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரும். மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது இது. மே 7ஆம் தேதி கடை திறந்தபோது தடுப்புக் கட்டை கட்டி, போலீஸ் நிறுத்தி, வரிசை அமைத்து விற்றார்கள். ஒரே நாளில் சுமார் 170 கோடி ரூபாய். நாற்பது நாள் கூலியில்லாத மக்களிடமிருந்து அந்தப் பணம் வந்தது. நகையா, வட்டியா, ரேஷனுக்கு வைத்திருந்ததா? மறுநாள் உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கி, மே 16இல் மறுபடி திறந்தது. பொறுக்கவே முடியாத அவசரம் யாருக்கு இருந்தது? குடிப்பவருக்கா, கஜானாவுக்கா?

அரசே மது விற்பது உலகில் வேறெங்கும் இல்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். உண்டு. ஸ்வீடனில் வலுக் குறைந்தவற்றைத் தவிர மற்ற மதுவைச் சில்லறையில் விற்பது பெரும்பாலும் ஓர் அரசு நிறுவனம்தான். நார்வேயிலும் பின்லாந்திலும் ஏறத்தாழ அப்படித்தான். ஆனால் அங்கே அரசு கடைக்கு வந்த காரணம் வேறு. லாபம் தேடும் தனியாரிடம் விட்டால் மேலும் மேலும் விற்கப் பார்ப்பார்கள். ஆகவே லாப ஆசையே இல்லாத ஒருவர் கையில் கடை இருக்கட்டும் என்பது அவர்கள் கொள்கை. ஸ்வீடன் கடை சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கே மூடிவிடும். ஞாயிறு திறப்பதே இல்லை. இருபது வயதுக்குக் குறைந்தவருக்கும், ஏற்கெனவே குடித்திருப்பவருக்கும் விற்கக்கூடாது. இரண்டு வாங்கினால் விலை குறைவு என்பது கிடையாது. பின்லாந்து 1969இல் நடுத்தர வலுவுள்ள பீரை மளிகைக் கடைகளிலும் விற்க அனுமதித்தது. ஒரே ஆண்டில் மதுப் பயன்பாடு 46 சதவீதம் ஏறியது. எளிதாகக் கிடைத்தால் குடி கூடும், கிடைப்பது சுருங்கினால் குடி குறையும். இதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஏகபோகம் என்பது கத்தி. வைத்தியர் கையில் இருக்கிறதா, வேறு யார் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டில் அது வருவாய்க்காகப் பிறந்தது, வருவாயாலேயே அளக்கப்படுகிறது. சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு எத்தனை பேர் குடியை விட்டார்கள் என்று சட்டமன்றத்தில் எந்தக் கொள்கை விளக்கக் குறிப்பாவது முதல் பக்கத்தில் சொல்கிறதா? எத்தனை கோடி கூடியது என்று சொல்கிறது.

டாஸ்மாக் நிறுவனத்தால் விற்பதைத் தவிர வேறொன்றும் முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். நீலகிரிக் காடுகளில் வீசியெறிந்த பாட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. நீதிமன்றம் இறுக்கிப் பிடித்தது. 2022இல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுத்துவிடும் திட்டம் நீலகிரியில் வந்தது. ஒவ்வொரு பாட்டிலிலும் அடையாளம் ஒட்டினார்கள், திருப்பி வாங்கினார்கள், கணக்கு வைத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பாட்டில்கள் திரும்பி வந்தன. யானைக்காக இதைச் செய்ய முடிந்தது. மிக நல்ல காரியம். ஒவ்வொரு பாட்டிலையும் கணக்கு வைக்கத் தெரிந்த நிறுவனத்தால், ஆண்டுக்கு எத்தனை பாட்டில் குறைய வேண்டும் என்று இலக்கு வைக்க முடியாதா?

முடியும். அதற்கு ராஜாஜி கேட்ட கேள்வியை மறுபடி கேட்டாக வேண்டும். இந்தப் பணத்துக்குப் பதில் எந்தப் பணம்? பத்து ஆண்டுக்கோ பதினைந்து ஆண்டுக்கோ ஒரு கால அட்டவணை வேண்டும். ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையிலும் மது வருமானத்தின் பங்கு இத்தனை சதவீதம் குறையும், அந்த இடத்தை இந்த வரி நிரப்பும் என்று எழுத்தில் வர வேண்டும். சொத்துப் பதிவிலும் கனிமத்திலும் கசியும் பணத்தைப் பிடிப்பது எளிதல்ல. அங்கே இருப்பவர்கள் வலுவானவர்கள். கூலிக்காரரின் வேட்டி மடிப்பிலிருந்து எடுப்பது எளிது. எளிதானதையே எல்லா அரசுகளும் செய்துகொண்டிருக்கின்றன. அதோடு, எல்லாத் தாலுக்கா ஆஸ்பத்திரியிலும் குடியை விட வருபவருக்குப் படுக்கையும் மருந்தும் ஆலோசகரும் வேண்டும். கடைக்கு எவ்வளவு தூரம் நடக்கிறாரோ, சிகிச்சைக்கும் அவ்வளவு தூரம்தான் இருக்க வேண்டும்.

தாய்மார்களே, அரசு அட்டவணை போடும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. கிராமத்தில் கோவிலிலிருந்தும் பள்ளியிலிருந்தும் 100 மீட்டருக்குள் கடை இருக்கக்கூடாது. நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் 50 மீட்டர். இது விதியில் இருக்கிறது. உங்கள் ஊர்க் கடையை அளந்து பாருங்கள். அடுத்த கிராம சபைக்கு நாலைந்து பேராகப் போகாதீர்கள், குழுக் குழுவாகப் போங்கள். நகரத்தில் இருப்பவர்கள் பகுதி சபைக்குப் போங்கள். கடை வேண்டுமா வேண்டாமா என்பதை ஊரில் வயது வந்த பெண்கள் ஓட்டுப்போட்டு முடிவு செய்யட்டும், அந்த முடிவே இறுதி என்று சட்டத்தில் எழுதுங்கள் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு வந்துவிடாதீர்கள்.

நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும், எந்தக் கட்சியாக இருந்தாலும், அந்த நகலைக் காட்டி இரண்டே கேள்வி கேளுங்கள். எங்கள் ஊர்க் கடையை எந்தத் தேதியில் எடுப்பீர்கள்? அந்தப் பணத்துக்குப் பதில் எங்கிருந்து எடுப்பீர்கள்? வாய்ப்பேச்சாகச் சொல்லவிடாதீர்கள், எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.